எத்திராஜ், பி.ஏ.

பெங்களூர் சிக்பேட்டையில் கல்யாணக் கார்டுக் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் சந்து ஒன்று உண்டு. அங்கே கோவிந்தப்பாவின் கடையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் எத்திராஜ். தமிழ்ப் பத்திரிகை என்றால் பக்கத்துக் கடைக்காரர்களே "எத்திராஜ் கிட்ட போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். குடும்பத்தார் வந்து எதிரே உட்காருவார்கள். அவர் பெயர்களைக் கேட்டுக் கேட்டு அடிப்பார். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் விரலை நிறுத்தி, தலையைத் தூக்காமலே, "படிப்பு?" என்பார்.

இந்த ஒரு கேள்விக்கு மனிதர்கள் செய்யும் கூத்தைப் பார்த்தால் சிரிப்பும் வரும், காறித் துப்பவும் தோன்றும். சொந்தத் தாத்தாவின் பெயர் மறந்துபோய்ப் பெண்டாட்டி முகத்தைப் பார்க்கிற ஆள், மருமகனின் பட்டங்களை மட்டும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். எம்.பி.ஏ.வில் ஒரு புள்ளி விட்டுப்போனது என்று அடித்த கார்டு அத்தனையையும் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போட்டவர் உண்டு. அரியர் வைத்திருக்கும் பையனுக்கு, "கல்யாணத்துக்குள்ள முடிச்சிருவான், நீங்க பி.இ.ன்னே போடுங்க" என்று அடம்பிடித்த அம்மாவும் உண்டு. செத்துப்போன பெரியப்பாவுக்கும் பி.எஸ்ஸி. போட்டாக வேண்டும். மேலே போன இடத்திலும் கேட்பார்கள் போலிருக்கிறது.

பட்டம் இல்லாதவர்கள் பாடு வேறு. அந்தக் கேள்வி வந்ததும் அவர்கள் குரல் இறங்கிவிடும். "அதெல்லாம் இல்லீங்க" என்று கழற்றிப் போட்ட செருப்பைப் பார்ப்பார்கள். அவர்களுக்கு எத்திராஜே ஏதாவது ஒரு வால் ஒட்டிக் கொடுப்பார். மாவு மில் வைத்திருப்பவர் 'தொழிலதிபர்' ஆவார். மேஸ்திரி 'கட்டட ஒப்பந்ததாரர்' ஆவார். ஒன்றுமே அகப்படாவிட்டால் 'சமூக சேவகர்' இருக்கவே இருக்கிறது. மனிதரின் முதுகு அப்போதுதான் நாற்காலியில் சாயும். கல்யாணம் யாருக்கோ, பரீட்சை இவர்களுக்கு.

எத்திராஜ் பிறந்தது பிரேசர் டவுனுக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில். அப்பா பங்களாக்களுக்கு வெள்ளையடிக்கிறவர். மகன் எட்டாவது பரீட்சை எழுதிய கோடையில் அவர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் திறந்தபோது எத்திராஜ் ஒரு அச்சுக்கூடத்தில் மெஷின் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஈய எழுத்துக் கோர்த்தார், ஆஃப்செட் மெஷினில் நின்றார். அந்த ஈயத்தின் மேலும் மையின் மேலும் அவருக்கு ஒரு பாசமும் கிடையாது. அவை கொடுத்தது கைநிறையச் சொறிதான். கம்ப்யூட்டர் வந்ததும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். தமிழும் கன்னடமும் மளமளவென்று அடிப்பார். இங்கிலீஷை எழுதிக் கொடுத்தால் பார்த்து அடிப்பார். வீடு ஈஜிபுராவில், வாடகைக்கு. மனைவி ஜெயலட்சுமி, ஒரே மகள் தீபிகா.

எட்டாங்கிளாஸ் என்ற சொல்லை அவர் எத்தனையோ மேஜைகளுக்கு முன்னால் சொல்லியிருக்கிறார். எந்த மேஜையும் அதற்குப் பிறகு பழைய மாதிரி பேசியதில்லை. தீபிகாவை எல்.கே.ஜி.யில் சேர்க்க நல்ல ஸ்கூல் என்று பெயர் வாங்கிய ஒன்றுக்குப் போனார்கள். அங்கே பிள்ளைக்கு முன்னால் பெற்றோருக்கு இன்டர்வியூ. எட்டாவது என்று இவர் சொன்னதும் அங்கே இருந்த அம்மாள் பேனாவை மூடி வைத்தாள். "வீட்ல ஹோம்வொர்க் யாரு சொல்லித் தருவாங்க?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கக்கூட இல்லை, அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டுவிட்டாள். குழந்தைக்கு மூன்று வயது, ஜெயலட்சுமியின் மடியில் உட்கார்ந்து சுவரிலிருந்த யானையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பேனா மூடிய சத்தத்துக்குப் பிறகுதான் எத்திராஜுக்குப் படித்தவர்கள் என்றாலே ஆகாமல் போயிற்று.

தீபிகா வேறு ஸ்கூலில் படித்தாள், பி.இ. முடித்தாள், ஐ.டி. கம்பெனியில் சேர்ந்தாள். அங்கே கூட வேலை செய்த கவினைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். பையன் தங்கமானவன்தான். அவன் அப்பா அப்பாதுரை திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது பொம்மசந்திரா தாண்டி மகனின் அபார்ட்மென்டில் இருக்கிறார். எம்.ஏ., எம்.ஃபில்., பிஎச்.டி. நிச்சயதார்த்தத்தன்று இலைக்கு முன்னால் உட்கார்ந்தும் அவர் வகுப்புத்தான் எடுத்தார். பரீட்சையில் காப்பி அடித்த பையன்களைத் தான் பிடித்த கதைகளைச் சொன்னார்.

"ஒருத்தன் காலைப் புடிச்சு அழுதான் சம்பந்தி. ஒரு சொட்டு இரக்கம் காட்டல. பொய்யா ஒரு பட்டம் வாங்கறவன் நாளைக்கு எதையும் செய்வான்" என்றார்.

எத்திராஜ் தலையாட்டினார். இந்த மனிதர் தம்மை வாய்க்கு வாய் 'சம்பந்தி' என்பதும், "நம்மள மாதிரி ஆளுங்க" என்று தோளைத் தொடுவதும் அவருக்குப் பிடித்தே இருந்தது. பரவாயில்லை, பெரிய படிப்புப் படித்தவர்களில் இப்படியும் ஒருவர் என்று அன்று வீட்டுக்கு வந்து ஜெயலட்சுமியிடம் சொன்னார்.

பத்திரிகையை எத்திராஜே அடித்தார். மகள் கல்யாணத்துக்கு வேறு யார் அடிப்பது? எல்லாப் பெயருக்கும் பின்னால் பட்டங்களைப் போட்டார். அப்பாதுரைக்கு ஒரு வரி போதவில்லை, எழுத்தைச் சிறிதாக்கி அடக்கினார். பெண்ணின் அப்பா என்ற இடத்தில் 'எத்திராஜ்' என்று மட்டும் அடித்தார். ஊருக்கெல்லாம் வால் ஒட்டியவருக்குத் தமக்கு ஒன்று ஒட்டிக்கொள்ள மனம் வரவில்லை. வாட்ஸ்அப்பில் புரூஃப் போயிற்று. சிறிது நேரத்தில் அப்பாதுரையிடமிருந்து போன் வந்தது.

"சம்பந்தி, எல்லாம் பிரமாதம். ஆனா அடுத்தவங்களுக்கு அடிச்சே பழகி, உங்க பட்டத்தை விட்டுட்டீங்க பாருங்க."

"என் பட்டமா?"

"பி.ஏ. போடாம மொட்டையா வெச்சிருக்கீங்களே. போட்டு அனுப்புங்க, இன்னிக்கே ஓகே பண்ணிடலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று மாலை தீபிகா ஆபீசிலிருந்து வந்ததும் எத்திராஜ் நேராகவே கேட்டார். அவள் பையைக் கழற்றி மாட்டினாள். மறைக்கவெல்லாம் இல்லை.

"நான்தாம்ப்பா சொன்னேன். ஃபர்ஸ்ட் டைம் கவின் கேட்டப்பவே சொல்லிட்டேன். அப்பா பி.ஏ., டிசைன் ஃபீல்டுன்னு."

"ஏன்மா சொன்ன?"

"புதுசா சொல்லலப்பா. நான் ஏழாங்கிளாஸ் படிக்கறப்பலேந்து நீ பி.ஏ.தான்." அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "கிளாஸ்ல யாரோட பேரன்ட்ஸ் டிகிரி, கை தூக்குங்கன்னு கேட்டாங்க. எல்லாரும் தூக்கினாங்க, நானும் தூக்கிட்டேன். அப்புறம் அது அப்படியே வந்துடுச்சு. காலேஜ்ல, ஆபீஸ்ல, எல்லா இடத்துலயும். இப்ப போய் இல்லன்னு சொல்ல முடியாதுப்பா. நான் பொய் சொன்னவள்னு ஆயிடும்."

எத்திராஜுக்குக் கோபம் வரும் என்று ஜெயலட்சுமி பயந்தாள். வரவில்லை. தம்மைப் போலவே இன்னொரு ஆள், பி.ஏ. படித்தவன், இத்தனை வருஷமாக இந்த வீட்டில் தம் இடத்தில் உட்கார்ந்து தம் மகளை வளர்த்திருக்கிறான் என்று தோன்றியது. ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட்டது அவன். பட்டமளிப்பு விழாவில் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியது அவன். அந்த ஆளைத்தான் அவள் வெளியே அப்பா என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நான் போய் அவர்கிட்ட உண்மைய சொல்டறேன்" என்றார். "காப்பி அடிக்கறவனையே புடிச்சவரு. உண்மைன்னா புரிஞ்சுக்குவாரு."

தீபிகா அழுதாள். கல்யாணம் நின்றுவிடும் என்றாள். ஜெயலட்சுமியும் வேண்டாம் என்றாள். மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு எத்திராஜ் பஸ் பிடித்துப் பொம்மசந்திரா போனார்.

அப்பாதுரை வாசலுக்கே வந்து, "வாங்க சம்பந்தி" என்று கையைப் பிடித்து அழைத்துப்போனார். காபி வந்தது. எத்திராஜ் சுற்றி வளைக்கவில்லை. எட்டாவது வரைதான் படித்தேன், பிள்ளை ஏதோ பயத்தில் அப்படிச் சொல்லிவிட்டது, அவளைத் தப்பாக நினைக்காதீர்கள் என்றார். அச்சுத் தொழில் என்று போட்டுக்கொள்ளலாமே என்றும் சொல்லிப் பார்த்தார்.

அப்பாதுரை எழுந்து போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார், உள்ளேயிருந்த மனைவிக்குக் கேட்கக்கூடாது என்பதற்காக. திரும்பி வந்து உட்கார்ந்தது முன்போல் சோபாவில் பக்கத்தில் இல்லை, எதிர் நாற்காலியில். எத்திராஜ் அதைக் கவனித்தார்.

"கல்யாணத்தை நிறுத்தற ஆள் இல்ல நான். அந்த அளவுக்குக் கீழ இறங்க மாட்டேன்" என்றார். "ஆனா எத்திராஜ், என் பக்கத்துல இருந்து வர்றவங்க எல்லாம் புரொஃபசருங்க, வைஸ் பிரின்சிபாலுங்க. அவங்க கையில இந்தப் பத்திரிகை போகும். அச்சுத் தொழில்னு போட்டா கார்டு அடிக்கற கடையில இருக்கறவர்னு தெரிஞ்சிடும். அதுக்கு நீங்க மொட்டையாவே விட்டுடலாம்."

சம்பந்தி போய் எத்திராஜ் வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, பி.ஏ.ன்னே போட்டுடுங்க. யாரும் சர்டிஃபிகேட் கேக்கப் போறதில்ல. இல்லன்னா பொண்ணோட மாமா ரவிக்குமார், எம்.காம்., பேங்க் மேனேஜர். அவர் பேரையும் அவர் மனைவி பேரையும் அழைக்கறவங்களா போட்டு, தாரை வார்க்கறதையும் அவங்களே பண்ணிடட்டும். ஊர்ல எத்தனையோ பொண்ணுங்களுக்கு மாமன்தான் பண்றான். உங்களுக்கும் மேடையில நின்னு பேச வேண்டிய தர்மசங்கடம் இருக்காது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

எத்திராஜ் அந்த மனிதரின் வாயைப் பார்த்தார். காலைப் பிடித்து அழுத பையனுக்கு இரங்காத வாய். பொய்ப் பட்டம் வாங்குகிறவன் எதையும் செய்வான் என்ற வாய். அதே வாய் இப்போது பொய்ப் பட்டம் போடச் சொல்கிறது, அதுவும் தயவு காட்டுகிற குரலில். காப்பி அடிப்பது குற்றமில்லை, தம் வீட்டுக்கு வெளியே அடிப்பதுதான் குற்றம். இப்படிப்பட்ட ஆள் முதல்வராக இருந்து எத்தனை பிள்ளைகளுக்கு நடத்தைச் சான்றிதழ் எழுதிக் கொடுத்திருப்பார். எத்திராஜ் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தார். லிஃப்ட் வரை வர அப்பாதுரைக்கு நேரமில்லை.

வீட்டில் அவர் சொன்ன இரண்டு வழியையும் கேட்டுவிட்டு ஜெயலட்சுமி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏங்க, நம்ம பொண்ண நம்ம கையாலதானே புடிச்சுக் குடுக்கணும்?" தம்பி ரவிக்குமார் நல்லவன்தான், ஆனால் அவனும் அவன் பெண்டாட்டியும் மணையில் உட்கார்ந்திருக்க, தானும் இவரும் கீழே நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தீபிகா சமையலறையில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எதை விரும்புகிறாள் என்று எத்திராஜுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் கடையில் அந்தப் பத்திரிகையைத் திறந்து, தம் பெயருக்குப் பின்னால் கமா போட்டு, பி.ஏ. என்று அடித்தார். ஆயிரம் பேருக்கு அடித்த எழுத்துகள்தான். அன்று விரல் கூசியது. மலத்தை மிதித்த காலோடு வீட்டுக்குள் நடப்பது போல ஒரு அருவருப்பு, யாரைப் பார்த்து என்று சொல்ல முடியாத அருவருப்பு. அப்பாதுரையைப் பார்த்தா, அந்தப் பேனா மூடிய அம்மாளைப் பார்த்தா, கை தூக்கச் சொன்ன டீச்சரைப் பார்த்தா? எல்லாரையும் விட்டுவிட்டு, கடைசியில் அது தம் மேலேயே வந்து உட்கார்ந்தது. இத்தனை நாள் இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்தவர், இப்போது தாமும் வரிசையில் நிற்கிறார்.

பின்னால் வந்து நின்ற கோவிந்தப்பா திரையைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் படிக்க வராது, ஆனால் அந்த இரண்டு எழுத்து அடையாளம் தெரியும்.

"இன்னா எத்திராஜ், பி.ஏ. மட்டும்தானா? எம்.ஏ.வும் போட்டுக்கோப்பா. இங்க் நம்மள்துதானே" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, உதவியாகத்தான் சொன்னார்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை ரிசப்ஷன். ஹோசூர் ரோடு பக்கம் பெரிய மண்டபம். மேடையில் கவினும் தீபிகாவும், இரண்டு பக்கமும் பெற்றோர். கூட்டம் வரிசையில் ஏறி வந்துகொண்டே இருந்தது. அப்பாதுரை தம் ஆட்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார். எத்திராஜ் மீண்டும் சம்பந்தி ஆகியிருந்தார். "சம்பந்தி பி.ஏ., டிசைன் ஃபீல்டு" என்று அப்பாதுரை சொல்லச் சொல்ல, இவர் கைகூப்பிக்கொண்டு நின்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை. வாய்வரை வந்த உண்மையை ஒவ்வொரு தடவையும் விழுங்கிக்கொண்டார். நாளைக் காலை மகளின் கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டால் போதும், அப்புறம் இந்தப் பி.ஏ.வைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் போடலாம் என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

அப்புறம் அந்தப் புரொஃபசர் வந்தார். அப்பாதுரையோடு பல வருஷம் வேலை பார்த்தவர், பெரிய உடம்பு, கையில் ஜூஸ் டம்ளர். போட்டோவுக்குத் திரும்பும்போது அவருடைய முழங்கையே பூச்சட்டத்தில் இடித்து, ஜூஸ் மேடையில் கொட்டியது. மண்டபத்தில் கூட்டிப் பெருக்கும் பெண்மணி ஒருத்தி துணியோடு ஓடி வந்து குனிந்து துடைத்தாள். ஜெயலட்சுமி வயசு இருக்கும். துணி அவருடைய ஷூவில் பட்டுவிட்டது.

"பாத்துத் தொடைக்க மாட்டியா?" என்று அதட்டிவிட்டு, அவர் எத்திராஜ் பக்கம் சாய்ந்தார். அவள் இன்னும் காலடியில்தான் இருந்தாள். "படிக்காத ஜனங்க சார். சொன்னாலும் புரியாது. நம்மள மாதிரி படிச்சவங்கதான் அனுசரிச்சுப் போகணும். நீங்க எந்தக் காலேஜ் சார்?"

அந்த 'நம்மள மாதிரி'யில் எத்திராஜுக்கு அதுவரை விழுங்கியதெல்லாம் மேலே வந்துவிட்டது.

"காலேஜ் எல்லாம் இல்லீங்க" என்றார். குரலை இறக்கவில்லை. "நான் எட்டாங்கிளாஸ். இந்தம்மா மாதிரிதான். பத்திரிகைல போட்டிருக்கறது பொய்."

அப்பாதுரையின் முகம் செத்துப்போனது. துடைத்துக்கொண்டிருந்த பெண்மணி தலையைத் தூக்கி இவரைப் பார்த்தாள். புரொஃபசர் வாயைத் திறந்தபடி நின்றார்.

அப்போது தீபிகா சிரித்தாள். கணீரென்று, எல்லாருக்கும் கேட்கும்படி சிரித்தாள். "அப்பா எப்பவும் இப்படித்தான் சார். யாராவது காலேஜ் பத்திக் கேட்டா இதே ஜோக்தான்."

ஒரு கணம் ஆயிற்று. பிறகு புரொஃபசர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பிரமாதம் சார். நான் நம்பிட்டேன் பாருங்க. படிச்சவங்களுக்குத்தான் இந்த மாதிரி நகைச்சுவை வரும், படிக்காதவனுக்கு இது வராது" என்று எத்திராஜின் தோளில் கைபோட்டார். அப்பாதுரை உயிர் வந்தவராய் அவரைவிடச் சத்தமாகச் சிரித்தார். கவின் சிரித்தான். ஜெயலட்சுமி தரையைப் பார்த்தாள். கீழே இருந்த பெண்மணி, தன்னை வைத்து என்னவோ கேலி செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, ஈரத் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

எத்திராஜ் அவளைக் கூப்பிடத்தான் நினைத்தார். கூப்பிட்டு என்ன சொல்வது? புரொஃபசரின் கை இன்னும் தோளில் கனத்துக்கொண்டிருந்தது.

வரிசை நகர்ந்தது. தீபிகா அவர் பக்கமாகக் குனிந்து, தோளில் கசங்கியிருந்த அங்கவஸ்திரத்தைச் சரி செய்தாள். உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் கலங்கியிருந்தது.

"நாளைக்குக் காலைல வரைக்கும் இப்படியே மெயின்டெயின் பண்ணுப்பா, ப்ளீஸ்" என்றாள்.